அரைத் தாளம் முந்திய புளோறன்ஸ்

புளோறன்ஸ் மரியநாயகம் பாஸ் கிற்றாரின் கம்பியைத் தொடுவதற்கு அரைத் தாளம் முந்தியே அதன் சத்தம் வந்துவிடும். இது முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது 1986ஆம் ஆண்டு, அவளுக்குப் பதினான்கு வயதானபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில். அண்ணன் இத்தாலிக்குப் போகும்போது விட்டுப்போன கிற்றாரைக் கொண்டுபோய் அவள் வாசித்த முதல் ஞாயிறு பூசையில், காணிக்கைப் பாட்டு தொடங்குமுன் பாஸ் தொடங்கியது, பாட்டு முடியுமுன் முடிந்தும்விட்டது. குழுவை நடத்திய மாஸ்டர் கையைப் பிந்திப் போடச் சொன்னார். பிந்திப் போட்டாள், சத்தம் பிந்தவில்லை. கையைப் போடாமலே விடச் சொன்னார். அது அவளால் முடியவில்லை. சத்தம் வந்தபிறகு கை அங்கே போகாமல் இருந்தது அன்றும் இல்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் இல்லை. வயரை மாற்றினார்கள், அம்ப்ளிபயரைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். கடைசியில் பிழை கிற்றாரில் இல்லை, பிள்ளையில்தான் என்று முடிவாகி, பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். வீட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அவளுடைய அப்பா மரியநாயகம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இறக்கும் பெட்டி தரையைத் தொடுவதற்கு முந்தி அதன் நிழல் தொடுகிறதுதானே என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போனார்.

அடுத்த ஏழு வருடத்தில் ஆறு வாத்தியக் குழுக்கள் அவளைச் சேர்த்து, ஆறும் விலக்கின. நீர்கொழும்பில் ஒரு கல்யாண வீட்டில் பைலாவுக்கு ஆடிய நாற்பது சோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்து, மாப்பிள்ளையின் மாமாவுக்குப் பெருவிரல் நகம் கழன்றதோடு ஆறாவது குழுவும் முடிந்தது. புளோறன்ஸ் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலைக்குப் போனாள். தட்டெழுத்து இயந்திரம் அவள் தொட்ட பிறகே சத்தமிட்டது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. வேலை முடிந்து வந்து பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாசிப்பாள். தனியே வாசிக்கும்போது முந்துவதற்கும் பிந்துவதற்கும் யாரும் இல்லை.

1993ஆம் ஆண்டு எஞ்சின் பழுதான ஒரு கப்பல் மூன்று கிழமை கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. அதில் சமையல்காரனாக இருந்த எர்னான் என்பவனிடம் எந்த ஊர் என்று மரியநாயகம் கேட்டார். அவன் "காலி" என்றான். தெற்கே எழுபது மைலில் இருக்கிற நம்முடைய காலிதான் என்று நினைத்து, இவ்வளவு சிவப்பாக ஒரு காலிக்காரனா என்ற வியப்போடு அவனிடம் சிங்களத்தில் கதைத்து, ஞாயிற்றுக்கிழமை நண்டுக் கறிக்கு வீட்டுக்கு அழைத்துவந்தார். சாப்பிடும்போதுதான், புளோறன்ஸின் பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து, உலகத்தின் மறுபக்கத்தில் கொலம்பியா என்ற நாட்டிலும் ஒரு காலி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அவளை வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா. வெட்கத்தோடுதான் எடுத்தாள். நாலு அடி வந்ததும் எர்னான் நண்டுக் காலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தான். இரண்டு கரண்டிகளை எடுத்து ஒன்றோடொன்று ஐந்து தடவை அடித்தான்: மூன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டு. மறுபடியும் மூன்று, இரண்டு. ஏழு வருடமாக அவளைக் குழுவுக்குக் குழு துரத்திய பிழை அந்த ஐந்து அடிக்குள் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. தங்கள் ஊரில் சல்சா என்றொரு சங்கீதம் உண்டு, அதில் பாஸ் முதல் அடியில் விழவே விழாது, அதற்கு முந்தியே விழுந்துவிடும், முதல் அடியில் விழுகிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதை அவன் அரைகுறை இங்கிலீசிலும் மிச்சத்தைக் கரண்டியிலும் சொன்னான். கப்பல் புறப்பட்டபோது ஒன்பது கசெற்றுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கடிதம் எழுதுவான் என்று அயலவர்கள் எதிர்பார்த்தார்கள். புளோறன்ஸ் எதிர்பார்த்தது கசெற் நாடா அறுந்துவிடக்கூடாது என்பதை மட்டும்.

அறுவதற்கு முன் அவள் ஆள் தேடினாள். ஆமர் வீதியில் பெயின்ற் கடையில் நின்ற இன்ஸாப், முஸ்லிம் கல்யாணங்களில் றபான் அடிப்பவர், அவளைவிட மூன்று வயது கூட; அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பாள். கசெற்றை ஒருதரம் கேட்டுவிட்டு, இதற்கு உயரமான மேளம் வேண்டும் என்று சொல்லி, இரண்டு பழைய பீப்பாய்களை வாங்கித் தோல் கட்டிக் கொங்கா மேளமாக்கினார். பீப்பாய்கள் சாராயம் ஊறவைத்தவை. அவருடைய உம்மா றலியா அவற்றை ஏழு தரம் கழுவி, எட்டாவது தரம் மூக்கை வைத்துப் பார்த்து, வீட்டுக்குள் வரக்கூடாது என்று முற்றத்தில் வைத்தார். பியானோவுக்கு வெள்ளவத்தை சுபோதினி ரீச்சர் வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடியில், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள். "பிள்ளையள் பிழையா வாசிச்சா நான் அடிப்பன். நீர் என்னெண்டால் பிழையை வாசிக்கச் சொல்லுறீர்" என்றாள். பிறகு வாசித்தாள். பிறகு பிள்ளைகளின் வகுப்பைக் காலைக்கு மாற்றினாள். குழுவுக்கு 'காலி வீதி' என்று பெயர் வைத்தார்கள். வெள்ளவத்தைக்குள்ளால் போகிற வீதியின் பெயர் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதையும் அவர்கள் திருத்தவில்லை.

முதல் கச்சேரி 1996இல் வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மெல்லிசை என்று நம்பி வந்த முந்நூறு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நூறாம் நம்பர் பஸ்ஸில் இடம் பிடிப்பதைப் பற்றி புளோறன்ஸே எழுதிய பாட்டோடு தொடங்கினார்கள். பாஸ் முந்தி வந்தபடியால், மனம் சம்மதிக்கும் முன்னரே கால்கள் சம்மதித்துவிட்டன. இடம்பெயர்ந்து வந்த நாளிலிருந்து வீட்டுப் படியைத் தாண்டாத பத்மாவதி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, மகளுடைய வற்புறுத்தலில் வந்தவர், மூன்றாவது பாட்டில் தன்னுடைய கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஆடினார். மறுநாள் தமிழ்ப் பத்திரிகை இலங்கையின் முதல் சல்சாக் குழு என்று எழுதியது. தொட்டுச் சாப்பிடுகிற சல்சாவா என்று கேட்டு மூன்று பேர் கடிதம் போட்டார்கள்.

அரைத் தாளம் அரைத் தாளமாகவே நின்றிருந்தால் எல்லாம் சுகமாகப் போயிருக்கும். அடுத்த வருடம் அது ஒரு முழுத் தாளமானது, பிறகு ஒரு சுற்று, பிறகு மூன்று நிமிடம். எந்த இடத்தில் அவள் வாசிக்கப் போகிறாளோ அந்த இடத்தில் சத்தம் மூன்று நிமிடத்துக்கு முன் வந்து போய்விடும். அவள் வாசிக்கும்போது விரல் அசையும், ஒன்றும் கேட்காது. இன்ஸாப் ஒரு கசெற் றெக்கோடர் வாங்கி, சத்தம் வரும்போது பதிந்து, வாசிக்கும்போது போட்டுவிடப் பழகிக்கொண்டார். அந்த நாட்களில் கொழும்பெங்கும் சோதனைச்சாவடிகள். ஒரு பின்னேரம் வெள்ளவத்தைப் பாலத்தடியில் அவர்களுடைய முச்சக்கர வண்டி வரிசையில் நின்றபோது, மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில், யாருமில்லாத இடத்திலிருந்து பாஸ் சத்தம் எட்டு அடி வந்தது. காவல் நின்ற பையன் சிப்பாய் துவக்கை உயர்த்தினான். "கவுத எத்தன?" என்று கத்தினான். யார் அங்கே என்று கேட்ட இடத்தில் ஒரு நாய்கூட இல்லை.

புளோறன்ஸுக்குத் தெரிந்துவிட்டது, இன்னும் மூன்று நிமிடத்தில் தான் அந்த இடத்தில் நின்று வாசிக்கப்போகிறாள் என்று. கையை உயர்த்திக்கொண்டு இறங்கினாள். அது என்னுடைய சத்தம் என்று சிங்களத்தில் சொன்னாள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பெட்டியைத் திறக்கவைத்தான், கிற்றாரை எடுக்கவைத்தான், மண்மூட்டையடியில் நிறுத்தி, வாசி என்றான். அவள் வாசித்தாள். வியர்வையில் விரல் கம்பியில் வழுக்கியது. ஒரு சத்தமும் வரவில்லை.

"சத்தே கோ?" என்றான் அவன். சத்தம் எங்கே?

"சத்தே கலின் ஆவா, மஹத்தயா." முந்தியே வந்துவிட்டது, ஐயா.

துவக்கு இறங்கவில்லை. அப்போது வண்டிக்குள் இருந்த இன்ஸாப், யாரும் சொல்லாமலே, மடியில் இருந்த பீப்பாயை அடிக்கத் தொடங்கினார். அந்த எட்டு அடி எங்கே விழுந்ததோ அவற்றுக்கு இடையில் மிஞ்சிய இடங்களில் அடித்தார். அடுத்த பக்கம் நின்ற வயதான சார்ஜன்ட் நடந்துவந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, குழுவின் பெயர் என்னவென்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும், "மமத் கால்லே" என்றார், அவரும் காலிதான். பிறகு சிப்பாயிடம், "சத்தெத் ஆவா, அதத் ஆவா. தவ மொனவத ஓனே?" என்றார். சத்தமும் வந்தது, கையும் வந்தது, இனி வேறென்ன வேண்டும் என்று கேட்டபடி துவக்குக் குழாயை விரலால் கீழே தள்ளினார். வண்டி கொட்டாஞ்சேனைக்கு வந்து சேரும்வரை புளோறன்ஸ் கிற்றாரைப் பெட்டிக்குள் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். இன்ஸாப்பின் விரல்கள் பீப்பாயின் விளிம்பில் போய்க்கொண்டிருந்தன.

அதன்பிறகு வருடங்கள் விரைவாகப் போயின. புளோறன்ஸ் சுங்கத்தில் வேலைசெய்த பெனடிக்டைக் கட்டினாள், ஷெரோமி பிறந்தாள். காலி வீதி குழு ஹோட்டல்களில் வாசித்தது, நுகேகொடையில் திறந்தவெளியில் நாலாயிரம் பேருக்கு வாசித்தது, மூன்று இசைத்தட்டுகள் வெளியிட்டது. நுகேகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் சல்சா வகுப்புகள் முளைத்தன. அவளைப் பார்த்து பாஸ் எடுத்த பெண்கள் மட்டும் பதினேழு பேர். இடைவெளி கால் மணியானபோது ஒரு வானொலி நிலையத்தில் நேரடி ஒலிபரப்பு. அவளுடைய பாஸ் மரண அறிவித்தலுக்கு அடியில் வந்துவிட்டது. நிலையத்தார் மன்னிப்புக் கேட்கத் தயாரானபோது, அதே சங்கீதத்தைத் தங்கள் வீட்டு அறிவித்தலுக்கும் போடமுடியுமா என்று ஐந்து குடும்பங்கள் தொலைபேசி எடுத்தன. 2010இல் இடைவெளி ஒரு நாள். கச்சேரிக்கு முதல்நாள் மண்டபத்துக் காவலாளி, "மிஸ், உங்கட சத்தம் வந்திட்டு" என்று போன் பண்ணுவார்; இன்ஸாப் றெக்கோடரோடு ஏற்கெனவே அங்கே இருப்பார். சிலர் இரண்டு நாளும் வந்து கேட்டார்கள், முதல்நாள் பாஸ் மட்டும், மறுநாள் மிச்சம். முதல்நாள்தான் நல்லது என்பவர்களும் உண்டு. 2016இல், பெனடிக்ட் காலமான வருடம், அது ஒரு மாதமானது. 2022இல் பதினொரு மாதம். மண்டபம் பிடிப்பவர்கள் யாரும் பதினொரு மாதம் முந்திப் பிடிப்பதில்லை. காலி வீதி மேடை ஏறுவதை நிறுத்திக்கொண்டது. புளோறன்ஸ் பின்னறையில் பின்னேரம் நாலு மணிக்கு விரலை அசைப்பாள். அதே நேரம் அறைக்குள் கேட்பது அடுத்த வருடத்து வாசிப்பு. விரல் ஒரு பாட்டிலும் காது இன்னொரு பாட்டிலும் இருக்க அவள் பழகிவிட்டாள்.

அந்த வருடம் ஜூலையில் பெற்றோல் வரிசையில் நின்றபோது இன்ஸாப் விழுந்தார். உயிர் தப்பியது, இடது பக்கம் தப்பவில்லை. கொங்காவில் பேசுகிற கை அவருக்கு இடது கைதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பினார். மேளங்களுக்கு மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடச் சொன்னார். மகள் நஸ்லா மூடினாள். அதே மாதங்களில், மெல்பேர்ணில் தாதியாக இருந்த ஷெரோமி அம்மாவுக்கு விசா எடுத்து, ஜனவரிக்கு ரிக்கற்றும் போட்டுவிட்டாள். மின்சாரம் இல்லை, காஸ் இல்லை, அங்கே தனியே இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். புளோறன்ஸ் வீட்டுச் சாமான்களைப் பிரித்து வைக்கத் தொடங்கினாள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, மூன்றரை மணிக்கு, வழக்கத்துக்கு மாறாக அரை மணி முந்திச் சத்தம் வந்தது. பழைய பாட்டுத்தான், நூறாம் நம்பர் பஸ். ஆனால் வாசிப்பு ஓட்டையாக இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு அடியை விட்டுவிட்டு வாசிக்கிறாள். வயதாகிக் கை மறந்துவிட்டதா என்று முதலில் பயந்தாள். இரண்டாம் சுற்றில் போனை எடுத்துப் பதிந்தாள். பதிந்ததை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போய் சுபோதினியிடம் கொடுத்தாள். சுபோதினி கண்ணை மூடிக் கேட்டாள்.

"உதிலை என்னை ஒண்டும் காணேல்லை. பியானோவுக்கு நீர் இடம் விடேல்லை" என்றாள். பிறகு இன்னொருதரம் கேட்டாள். "உது இன்ஸாப்பின்ரை இடமெல்லோ."

அவர்களிருவரும் அன்றே இன்ஸாப்பின் வீட்டுக்குப் போனார்கள். அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒங்கட சத்தம் மட்டுந்தானே கேக்குது புளோறன்ஸ். என்ட சத்தம் இல்லயே."

"உங்கட சத்தம் அண்டைக்குத்தான் வரும், நானா. நீங்க எல்லாரையும் போல நேரத்துக்கு அடிக்கிற ஆள். நான் உங்களுக்கு இடம் விட்டு வாசிக்கிறன். பக்கத்துல ஆள் இல்லாம நான் இடம் விடமாட்டன்."

"ஆள் மௌத்தாப் போனாலும் எடம் விடலாந்தானே" என்றார் அவர்.

புளோறன்ஸ் அதை யோசித்திருக்கவில்லை. அது உண்மையாக இருக்கலாம். அடுத்த வருடம் தான் ஒரு காலிக் கதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனவருக்கு இடம் விட்டு வாசிக்கிறாளோ என்னவோ. சத்தத்தில் அது தெரியாது. "அப்பிடியும் இருக்கலாம், நானா" என்றாள். "எதெண்டு எனக்குத் தெரியாது. உங்கட கையிலதான் இருக்கு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை, திருப்பி அனுப்பிய பயிற்சிக்காரப் பெண்ணை வரச்சொல்லும்படி நஸ்லாவிடம் சொன்னார். நஸ்லா போன் பண்ணி இதைச் சொன்னபோது புளோறன்ஸ் பிரித்து வைத்த சாமான்களுக்கு நடுவில் இருந்தாள். அன்றே மெல்பேர்ணுக்கு அழைத்தாள்.

"அம்மா, சத்தம் கேட்டா கட்டாயம் நிக்கணுமா?" என்று கேட்டாள் ஷெரோமி. குரல் உடைந்திருந்தது. "இங்க நான் ஒரு அறையை உங்களுக்கெண்டு பெயின்ற் அடிச்சு வச்சிருக்கன்."

"சத்தத்துக்காக நிக்கல மகள். அந்த மனுசன் கையை நீட்டப் பாக்கிறார். நான் அங்க வந்திட்டன் எண்டா அவர் ஏன் நீட்டப்போறார்?"

ஷெரோமி அழுதாள், கோபித்தாள், இரண்டு கிழமை அழைக்கவில்லை. பிறகு ரிக்கற்றை அடுத்த டிசம்பருக்கு மாற்றிவிட்டு, அறையின் நிறம் மஞ்சள் என்று மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்.

அந்தப் பதினொரு மாதமும் இன்ஸாப் ஒரு ரப்பர் பந்தோடு போராடினார். மார்ச்சில் பெருவிரல் அசைந்தது. ஜூனில் தேநீர்க் கோப்பையைப் பிடித்து, உடைத்தார். உடைத்ததற்காக நஸ்லா இனிப்பு வாங்கிவந்தாள். சுபோதினி கலண்டரை வைத்துப் பார்த்து, அந்தச் சத்தத்துக்கு வாசிக்கிற நாள் ஒக்டோபர் நடுப்பகுதி, ஒரு கிழமை முன்பின்னாக இருக்கும் என்றாள். ஒன்பதாம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு நஸ்லா வாப்பாவை மேளத்தோடு புளோறன்ஸின் பின்னறைக்கு முச்சக்கர வண்டியில் கூட்டிவந்தாள். முதல்நாள் கை தோலைத் தொடவே இல்லை. இரண்டாம் நாள் தொட்டது, சத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் மேளத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்றார். அந்த மூன்று நாளும் வழக்கமான நாலு மணிவரை புளோறன்ஸ் கிற்றாரைத் தொடவில்லை. தொடவேண்டும் என்று கை கேட்கவும் இல்லை.

நாலாம் நாள், பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை, மூன்றரைக்கு அவளுடைய கை தானாகக் கிற்றாருக்குப் போனது. நஸ்லா போனில் பழைய பதிவைப் போட்டாள். புளோறன்ஸின் விரல்கள் பதிவோடு சேர்ந்து சத்தமின்றிப் போயின. முதல் சுற்றில் அந்த இடம் வந்து, வெறுமையாகப் போனது. இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாம் சுற்றில் இன்ஸாப் தோளை உயர்த்தி, கையைத் தூக்கி, ஒரு ஈரத் துணியைப் போடுவதைப்போல் மேளத்தின்மேல் போட்டார். ஒரு அடிதான். இரண்டு அடிக்கான இடத்தில் நடுவாக விழுந்தது. அடுத்த சுற்றிலும் விழுந்தது. பாட்டு முடியும்வரை ஒரு சுற்றிலும் தவறவில்லை. சுபோதினி பியானோ இல்லாதபடியால் மேசையில் வாசித்துக்கொண்டிருந்தாள். முடிந்தபோது இன்ஸாப்பின் சட்டை நனைந்திருந்தது. யாரும் கைதட்டவில்லை. நஸ்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் குடித்து முடிக்குமுன் நாலு மணியாகி, அடுத்த வருடத்துச் சத்தம் வழக்கம்போல அறைக்குள் வந்தது. இன்ஸாப் மேளத்தைப் பார்க்கவில்லை, புளோறன்ஸின் முகத்தைப் பார்த்தார்.

"எடம் ஈக்குதா?"

அவள் இன்னும் இரண்டு சுற்றுப் பொறுத்தாள்.

"இருக்கு, நானா. இந்தமுறை இடம் கொஞ்சம் பெருசு."

"அப்ப ரெண்டு கையும் போல" என்றார் இன்ஸாப். சீனி போடாத தேநீர் ஒன்று கேட்டார். நஸ்லா சத்தம் முடியும்வரை போனில் பதிந்து, தேதி போட்டு வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.